சைக்கிளை எங்கே திருத்தக் கொடுப்பது?

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறவர்களுக்குச் சைக்கிள் திருத்துவது எப்போதாவது வந்துபோகிற வேலை இல்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும், வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கிற எழுவான்கரையில், காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஒழுங்கைகள் எல்லாம் மணல். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த மணல் செயினுக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும். மாரியில் வெள்ளத் தண்ணீர் ஹப்புக்குள், அதாவது சில்லின் நடுக் குடத்துக்குள், ஏறும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருதரம், தை கழிந்து வெள்ளம் வடிந்த பிறகு ஒருதரம், யாரிடமாவது சைக்கிளைக் காட்டியே ஆக வேண்டும். யாரிடம் காட்டுவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

நான் ஆரையம்பதியில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் மூன்று சைக்கிள் நிற்கின்றன: நான் ஓடுகிற லேடீஸ் சைக்கிள், மகனின் கியர் சைக்கிள், அப்பா வைத்திருந்த பழைய கறுப்பு றலி. கணவர் கட்டாரில் இருப்பதால் இவற்றின் திருத்த வேலை எல்லாம் என் பொறுப்பு. முன்பள்ளிக்குப் பிள்ளையைக் காரியரில் வைத்துக் கொண்டுவருகிற அம்மாமார் பலர், "ரீச்சர், நீங்க சைக்கிள எங்க குடுக்கிற?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒரு கடையின் பெயராக இருக்காது. என்ன வேலை என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கடை என்பதும். அதோடு, கடைப் பலகையைவிடத் திருத்துகிறவரின் கையைப் பாருங்கள் என்பேன்.

கடை தேடுமுன் வீட்டு வாசலிலேயே சைக்கிளைப் பார்த்துவிட வேண்டும். பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்ராண்டில் நிறுத்துங்கள். நிற்காவிட்டால் ஒருவரைச் சீற்றைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். சில்லைச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது ஒரே அளவாக நின்றால் ரிம் நேராக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் வந்து வந்து உரசினால் நெளிவு. பிறகு சில்லின் மேற்பக்கத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால், உள்ளே உருள்கிற இரும்புக் குண்டுகளை (போல்ஸ்) அச்சில் பிடித்து வைத்திருக்கிற கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்த போல்ஸ் தேய்ந்துவிட்டது. பெடல் பூட்டியிருக்கிற கிராங்கையும் அப்படியே ஆட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடினால் கோளாறு நடு அச்சில். ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துக் கிராங்கை இறுக்குகிற ஆணியான கொட்டர் பின்தான் தளர்ந்திருக்கும். பிந்தியது சின்ன வேலை, முந்தியது பெரிய வேலை. இந்த வித்தியாசம் தெரிந்து போகிறவரிடம் தேவையில்லாத வேலையைத் தலையில் கட்ட முடியாது.

செயினுக்குப் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று போதும். புதிய செயினில், ஓர் ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால் அதிலிருந்து 24ஆவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஓடி ஓடிச் செயின் நீளும். அந்த 12 அங்குலம் பதினாறில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. அதற்கு மேலும் ஓடினால் அது பின்சில்லிலுள்ள பல்சக்கரமான பிறீவீலின் பல்லையும் தின்றுவிடும், பிறகு இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு.

இவ்வளவும் பார்த்த பிறகு எங்கே போவது என்பது பாதி முடிவாகிவிடும்.

பஞ்சர், வால் ரியூப், தளர்ந்த மட்காட், பிறேக் கட்டை போன்றவற்றுக்கு ஆகக் கிட்ட உள்ள இடத்துக்கே போங்கள். இதற்காகக் காத்தான்குடி தாண்டி நகரத்துக்குப் போவது வீண் அலைச்சல். கிட்ட இரண்டு பேர் இருந்தால் மட்டும் ஒரு விஷயம் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ரியூபை ஒட்டின பிறகு, ரயரின் உட்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறாரா? எங்கள் மணலில் நெருஞ்சி முள் நிறைய. முள் ரயரிலேயே இருந்தால் ஒட்டின ரியூப் வீடு வந்து சேரும்போது திரும்பவும் காற்றுப் போயிருக்கும். தடவிப் பார்க்கிறவர் மற்ற வேலைகளையும் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்.

அடுத்தது பெரிய வேலை, அதாவது ஹப், நடு அச்சு, ஹாண்டில் எல்லாவற்றையும் கழட்டி, கழுவி, கிறீஸ் வைத்துப் பூட்டுவது. ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் பூட்டின பிறகு உள்ளே என்ன நடந்தது என்று நம்மால் பார்க்க முடியாது. சும்மா எண்ணெய் விட்டுத் துடைத்துத் தந்தாலும் ஒரு கிழமைக்குச் சைக்கிள் சுகமாகத்தான் ஓடும். மாரி வந்த பிறகுதான் குறை தெரியும்.

அதனால் புதிய இடமென்றால் முதல் நாளே முழு வேலையையும் கொடுக்காதீர்கள். ஒரு சில்லை மட்டும் கழட்டிப் பூட்டக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்கவிடாத இடத்தில் பெரிய வேலை கொடுக்க வேண்டாம்.

எங்கள் ஒழுங்கை முனையில், வேப்பமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில் போட்டு வேலை செய்கிற அண்ணனை நான் தெரிவு செய்தது இப்படித்தான். என் பின்சில்லின் அச்சை இழுக்குமுன் கீழே ஒரு தகரத் தட்டை வைத்தார். போல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன, ஒரு பக்கத்துக்கு ஒன்பது. மண்ணெண்ணெயில் கழுவி, பழைய சாரத்துண்டில் உருட்டித் துடைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒன்றில் ஊசி குத்தினதுபோல ஒரு புள்ளி. அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்து ஒன்பதையும் மாற்றினார். "ஒன்ட மட்டும் புதுசு போட்டா சுமை எல்லாம் அது மேலதான் விழும் ரீச்சர். பழசு எல்லாம் கொஞ்சம் தேஞ்சு சின்னதாகியிருக்கும்" என்றார். பிறகு போல்ஸ் உருள்கிற கப்பின் உட்பக்கத்தை நகத்தால் தடவி, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். கிறீஸ் வைத்து, போல்ஸை அடுக்கி, கோனைக் கையால் இறுக்கி, ஒரு துளி பின்னுக்கு விட்டு, அதைச் சாவியால் பிடித்தபடி மேல் நட்டைப் பூட்டினார். கடைசியில் சில்லைத் தூக்கிப் பிடித்து மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அது சுற்றி, தயங்கி, கொஞ்சம் பின்னுக்கு ஆடி, வால்வ் உள்ள பக்கம் கீழே வந்து நின்றது. வால்வ் பக்கம்தான் பாரம் கூட. அந்தச் சின்னப் பாரமே சில்லைத் திருப்புகிறதென்றால் போல்ஸ் தடையில்லாமல் உருள்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். செயின் இழுக்காத முன்சில்லில் இன்னும் நன்றாகத் தெரியும்.

பார்க்க வேண்டிய இன்னோர் இடம் கொட்டர் பின். பழைய றலி மாதிரியான சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அதைக் கழட்டச் சுத்தியலால் அடிக்க வேண்டிவரும். அடிக்குமுன் கிராங்குக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயையோ கட்டையையோ நிலத்திலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் ஒவ்வோர் அடியும் நடு அச்சின் போல்ஸிலும் கப்பிலும் போய் விழும். முட்டுக் கொடுக்காமல் அடிக்கிற கடையில் அப்பாவின் சைக்கிளை நான் ஒருநாளும் விடமாட்டேன். ஒரே ஒரு கூட்டிக் குறைக்கிற ஸ்பனரை வைத்துக்கொண்டு எல்லா நட்டையும் திருகி மூலையை மழுங்கச் செய்கிற இடமும் அப்படித்தான்.

மோட்டார் சைக்கிள் கழுவுகிற சேர்விஸ் நிலையங்களில் சைக்கிளையும் வேகத் தண்ணீர் அடித்துக் கழுவித் தருவார்கள். பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்த வேகம் ஹப்புக்குள் தண்ணீரை ஏற்றிக் கிறீஸை வெளியே தள்ளிவிடும். சைக்கிளைக் கிணற்று நல்ல தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றி, துணியால் துடைத்தால் போதும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே இப்படிச் செய்தால் கறள் பிடிப்பது வெகுவாகக் குறையும்.

கியர் சைக்கிளுக்கு வேறு கணக்கு. வேப்பமரத்து அண்ணன் என் மகனின் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்னட்டச் சாவி இல்ல தம்பி, டவுனுக்குக் கொண்டு போ" என்றார். இப்படிச் சொல்கிறவரை நான் இன்னும் கூட நம்புவேன். கியர் பிறீவீலைக் கழட்ட அதற்குப் பொருந்துகிற பல்லுள்ள சாவி வேண்டும். அது இல்லாதவர்கள் உளியை வைத்து அடித்துக் கழட்டப் பார்ப்பார்கள், பிறீவீலும் போய்விடும், ஹப்பின் மரையும் போய்விடும். ஆகவே கியர் சைக்கிளோடு ஒரு கடைக்குப் போனால் முதலில் அந்தச் சாவி இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கியர் சரியாக விழவில்லை என்று சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். சைக்கிளுக்குப் பின்னால் குந்தி, கியரைத் தாங்குகிற துண்டு வளைந்திருக்கிறதா, கேபிள் கறள் பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறவர் வேலை தெரிந்தவர். எடுத்த எடுப்பில் திருகுகளைத் திருகத் தொடங்குகிறவருக்கு அது பிடிபடாது. எங்கள் பக்கத்தில் கியர் மக்கர் பண்ணுவதற்குப் பெரும்பாலும் உப்புக் காற்றில் கறள் பிடித்த கேபிள்தான் காரணம். கேபிளும் அதன் உறையும் மாற்றினாலே பல சைக்கிள்கள் சரியாகிவிடும்.

சாமானைக் கடைக்காரரே வாங்கிப் போடட்டும் என்று விடுவதா, நாமே வாங்கிக் கொடுப்பதா? நான் ரயர், ரியூப், செயின் மூன்றையும் நானே காத்தான்குடியில் வாங்கிக் கொடுப்பேன். பிரதான வீதியில் நாலு கடை ஏறி விலை கேட்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். போல்ஸ், கோன், கொட்டர் பின் போன்ற சின்னச் சாமான்களைத் திருத்துகிறவரிடமே விட்டுவிடுவேன். அளவு பார்த்துப் பொருத்துவது அவருக்குத்தான் தெரியும்.

ரயர் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். "26 ரயர்" என்று கேட்டால் போதாது. லேடீஸ் சைக்கிளுக்கு வருகிற 26 × 1 3/8 ரயரும், மலைச் சைக்கிளுக்கு வருகிற 26 × 1.95 ரயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முதலாவது உட்காருகிற ரிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர், இரண்டாவது 559. நகரத்தில் ஒரு கடையில் எனக்கு இரண்டாவது வகையைத் தந்து, "26 எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். ரிம்மில் ஏறவே இல்லை. திருப்பிக் கொண்டுபோனபோது மாற்றித் தரவும் மாட்டோம் என்றார்கள். இப்போது பழைய ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கிற எண்ணை முழுவதுமாகத் துண்டில் எழுதிக்கொண்டுதான் போவேன். சில ரயரில் 37-590 என்றும் இருக்கும். அந்த 590தான் முக்கியம். பெரிய கறுப்புச் சைக்கிள்களில் வருகிற 28 × 1 1/2 ரயருக்கு அந்த எண் 635.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் வளவு மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் றோட்டுக்கு வந்தன. அப்போது புதிது புதிதாகத் திருத்துகிற இடங்களும் முளைத்தன. இறக்குமதி குறைந்து சாமான் தட்டுப்பாடானதால், கழித்துப் போட்ட சைக்கிள்களிலிருந்து கழட்டிப் பூட்டுகிற பழக்கமும் அதோடு பரவியது. பழைய சாமான் பூட்டுவது குற்றமில்லை, சொல்லிவிட்டுப் பூட்ட வேண்டும், விலையும் பழைய சாமான் விலையாக இருக்க வேண்டும். அதனால் எந்தக் கடையாக இருந்தாலும் வேலை தொடங்குமுன் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: கூலி எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு, கழட்டின பழைய சாமானை எடுத்து வைப்பீர்களா. மூன்றாவதைக் கேட்டால் நல்ல திருத்துநர் யாரும் கோபிக்கமாட்டார். தேய்ந்த கோனைக் கையில் தந்து, "பாருங்க ரீச்சர், இந்தப் பள்ளத்த" என்று காட்டுவதில் அவர்களுக்கும் ஒரு சந்தோஷம்.

பெண்களுக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. சில கடைகளில் நாம் கேட்கிற கேள்விக்குப் பதிலை நமக்குப் பக்கத்தில் நிற்கிற பையனைப் பார்த்துச் சொல்வார்கள். "வீட்டுல ஆம்பிளயள் யாரையும் வரச் சொல்லுங்க" என்றும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிற இடத்துக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. சைக்கிளில் ஏறி ஓடப்போவது நாம், குறையைச் சொல்ல வேண்டியதும் நாம்தான். நம் முகத்தைப் பார்த்து விளக்குகிறவர் ஆரையம்பதியிலும் இருக்கிறார், காத்தான்குடியிலும் இருக்கிறார். நான் சாமான் வாங்குகிற காத்தான்குடிக் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), செயினைக் கையில் தந்து வளைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் விலையே சொல்வார். பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுத்து அனுப்புவதென்றால், செய்ய வேண்டிய வேலையை ஒரு தாளில் எழுதி, வேறு ஏதும் செய்ய வேண்டுமானால் முதலில் கோல் எடுக்கச் சொல்லி உங்கள் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். "அம்மா சேர்விஸ் பண்ணச் சொன்னாங்க" என்று மட்டும் பிள்ளை போய்ச் சொன்னால் என்னென்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

புதுச் சைக்கிள் என்றால் முதல் திருத்தத்தை வாங்கின கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ஓடத் தொடங்கிச் சில கிழமைகளில் பிறேக் கேபிள் நீளும், கம்பிகள் தளரும், கிராங்கின் நட்டும் இளகும். அது சைக்கிளின் குறை இல்லை, எல்லாப் புதுச் சைக்கிளிலும் நடப்பதுதான். வாங்கும்போதே முதல் தடவை இலவசமாகப் பார்த்துத் தருவீர்களா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற சைக்கிளுக்குக் கடை தெரிவு செய்ய அவகாசம் இல்லை. 2011 தையில் வந்த வெள்ளத்தை எங்கள் ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிள்கள் நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்தன. அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் ஹப்புக்குள் சேறும் உப்பும் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று ஓடத் தொடங்கினால் உள்ளே கறள் பிடித்து போல்ஸும் கப்பும் சேர்ந்து போகும். முடிந்த அளவு சீக்கிரம் கழட்டிக் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் எல்லாக் கடையிலும் சைக்கிள் குவிந்து கிடக்கும். அதனால்தான் கிட்ட உள்ள ஒருவரோடு முன்கூட்டியே பழக்கம் வைத்திருப்பது நல்லது. கோடையில் சின்னச் சின்ன வேலை கொடுத்து வந்தவரை அந்த நேரத்தில் அவர் தள்ளிவைக்கமாட்டார். மண்முனைப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். 2014இல் பாலம் திறந்த பிறகு இந்தப் பக்கம் வருவது சுலபம்தான். ஆனாலும் பூட்டின கோன் மறுநாளே தளர்ந்தால் திரும்பக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய தூரத்தில் கடை இருக்க வேண்டும். பெரிய வேலை செய்த சைக்கிள் ஒரு கிழமை ஓடிய பிறகு இன்னொருதரம் இறுக்கிப் பார்க்க வேண்டியது இயல்பு. அதற்குக் கூலி கேட்காதவராகப் பாருங்கள்.

சைக்கிளை எடுக்கப் போகும்போது பொழுதுபடுமுன் போங்கள். காசு கொடுக்குமுன் அந்த ஒழுங்கையிலேயே ஒரு சுற்று ஓடிப்பாருங்கள். முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தனித்தனியாகப் பிடியுங்கள். இடப்பக்கப் பெடலைக் கழட்டிப் பூட்டியிருந்தால் அது நேராகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அது தெரியாமல் வல்லந்தமாக ஏற்றியிருந்தால் பெடல் சரிந்து நிற்கும், கிராங்கின் மரையும் போயிருக்கும். ஹாண்டிலைத் திருப்பிப் பார்த்து எங்கும் பிடிக்கவில்லை என்றால் சரி. பிள்ளையைக் காரியரில் ஏற்றுகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். காரியரின் நட்டுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா, பிள்ளையின் கால் கம்பிக்குள் போகாமல் பின்சில்லின் இரு பக்கமும் மறைப்பு இருக்கிறதா? மறைப்பு இல்லையென்றால் அன்றைக்கே, அங்கேயே பூட்டச் சொல்லுங்கள். அது பெரிய செலவு இல்லை. பெடலோ மற்றதோ ஒரு நாள் பொறுக்கலாம், இதைப் பூட்டாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.